அரும்பும் மருந்தும்: திருவரங்கத்து ஆரோக்கியசாலையும் கோடைக்கால மொட்டு மருந்துகளும்

1. தோற்றுவாய்

திருச்சிராப்பள்ளியின் கோடை கொடிது. காவிரி வற்றி மணல் காயும் சித்திரைப் பிற்பகுதியிலும் வைகாசி முற்பகுதியிலும் வெப்பம் 40 பாகையைக் கடத்தல் ஈண்டுப் புதிதன்று. கல்கத்தாப் பேராயர் ரெசினால்டு ஈபர் 1826ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் காலை இந்நகரில் தம் சமயப் பணியை முடித்து வெயிலினின்று திரும்பினார், உடல் வெம்மை தணியக் குளிர்நீர் நிறைந்த குளியற் குளத்தில் இறங்கினார், உயிருடன் மீண்டிலர். இந்நகரத்துத் தூய யோவான் ஆலயத்தில் அவர்தம் கல்லறை உள்ளது. வேற்று நாட்டிலிருந்து வந்தார்க்கு உயிர்க்கேடாக முடிந்த இக்கோடையை இந்நிலத்து மக்கள் வழிவழியாக எங்ஙனம் தாங்கினர் என்பது வரலாற்று மாணவர் வினவத் தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் ஒரு விடை பரவி வருகின்றது. செடி மொட்டுகளைக் கொண்டு உடல்நலம் பேணும் முறையொன்று ஐரோப்பாவில் வழங்குகின்றது. அம்முறை நம் முன்னோர் கண்டதே என்றும், திருவரங்கத்துக் கோயிலின் பழைய மருத்துவச்சாலையே அதற்குச் சான்று என்றும் கூறுவார் உளர். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்லும் சிறார்க்கு வேப்பம்பூவும் மாதுளை மொட்டும் கொடுக்கும் வழக்கத்தை அதன் எச்சமாகக் காட்டுவர். இக்கூற்றில் மெய்யும் உண்டு, மெய்யல்லாததும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழம்பெருமை பேசும் ஆர்வத்தால் சான்று கூறாததைச் சான்றின் வாயில் வைத்துக் கூறுவோமாயின், சான்று உண்மையாகவே கூறுவதனையும் பிறர் நம்பார். அவ்விழப்பு நமக்கே நேரும்.

2. சொல் காட்டும் வேறுபாடு

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இலையாக விரியும் முளைக்கும் பூவாக விரியும் மொட்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லே வழங்கும். தமிழில் அங்ஙனம் அன்று. பூவின் பருவங்களை நனை, அரும்பு, முகை, மொட்டு, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பல சொற்களால் வழங்கினர். இலையின் இளம்பருவத்துக்குக் குருத்து, கொழுந்து, தளிர், முறி என்பன தனியே உரியன. வேப்பங்கொழுந்து வேறு, வேப்பம்பூ வேறு. ஒன்றைக் கேட்டார்க்கு மற்றொன்றைக் கொடுப்பார் இலர்.

இச்சொல் வளம் புலவர் அணிக்காக மட்டும் படைத்துக்கொண்டது அன்று என்பது எம் கருத்து. தொழில் செய்வார்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. திருச்சிராப்பள்ளியை அடுத்த எட்டரை, கோப்பு முதலிய சிற்றூர்களில் பூப்பயிர் செய்வோர் மல்லிகையைப் பொழுது புலரும் வேளையிலேயே பறிக்கின்றனர். முழு வளர்ச்சி எய்தியும் வாய் நெகிழாத அரும்பே விலை பெறும். மாலையில் அது விரியும்போதுதான் மணம் வெளிப்படும். காலையிலேயே விரிந்த பூ சந்தை சேருமுன் வாடிவிடும். ஆகவே பறிக்கும் கைக்குப் பருவம் அறியும் கண் வேண்டும். கண்ணுக்குச் சொல் வேண்டும். காதல் நோய் காலையில் அரும்பி மாலையில் மலர்வதாகத் திருக்குறள் பொழுதுகண்டிரங்கல் அதிகாரத்தில் உருவகிக்கும் இடத்திலும் இத்தொழிலறிவே அடிப்படையாக நிற்கின்றது. ஆங்கு அரும்புவது நோயேயன்றி மருந்து அன்று என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

எனவே மொட்டைப் பற்றிய நுண்ணறிவு தமிழர்க்கு இருந்தது என்பதில் ஐயம் இல்லை. ஆயின் மொட்டை அறிந்திருத்தல் ஒன்று. மொட்டை மருந்தின் ஒரு தனி வகுப்பாகக் கொள்ளுதல் மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

3. திருவரங்கத்துச் சான்றுகள்

திருவரங்கத்தில் மருத்துவச்சாலை இருந்தமை ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகும். போசள மரபினர் திருவரங்கத்துக்கு அண்மையிலுள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு இப்பகுதியை ஆண்ட காலத்தில், வீர ராமநாதனின் ஆட்சியில், கி. பி. 1257இல், சிங்கண்ண தண்டநாயகன் கோயிலில் ஆரோக்கியசாலை அமைத்த செய்தி கல்வெட்டால் அறியப்படுகின்றது. கி. பி. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கருடவாகன பட்டர் என்பார் பழைய ஆரோக்கியசாலையைப் புதுக்கித் தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்ததைக் குறிக்கின்றது. இரண்டுக்கும் இடையே 236 ஆண்டுகள் கழிந்துள்ளன. அவ்விடைக்காலத்தில் திருவரங்கம் வடபுலத்துப் படையெடுப்பால் பட்ட துன்பம் வரலாறு அறிந்தார் அனைவரும் அறிந்ததே. அத்துணை அழிவுக்குப் பின்னும் மருத்துவச்சாலையை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று ஒருவர் எண்ணினார் என்பதே இக்கல்வெட்டின் பெருஞ் செய்தி என்க.

திவ்வியசூரி சரிதம் என்னும் வடமொழிக் காவியத்தை இயற்றியவரும் கருடவாகன பண்டிதர் என்னும் பெயரினரே. அவர் இராமானுசர் காலத்தவரா, 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் குறிக்கும் பட்டரா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றது. கோயிலொழுகு, மருத்துவப் பணியையும் கருடவாகன பண்டிதரையும் இராமானுசர் செய்த கோயில் ஒழுங்குகளோடு இணைத்துக் கூறும். பெயர் ஒரு குடியில் வழிவழி வருதல் உண்டாதலின், பெயர் ஒற்றுமை ஒன்றையே கொண்டு காலத்தை முடிவு செய்தல் சாலாது.

இறைவனுக்கே மருந்து படைக்கும் வழக்கும் இக்கோயிலுக்கு உண்டு. ஒரு சிறுவன் அளித்த நாவற்பழத்தையும் தயிரன்னத்தையும் உண்ட பெருமாளுக்கு உடல் நலிவுற்றதாகவும், திருமுக வாட்டத்தைக் கண்டறிந்த இராமானுசர் தன்வந்திரி சந்நிதியிலிருந்து கஷாயம் படைக்கச் செய்ததாகவும் ஒரு கதை திருவரங்கத்தில் வழங்கி வருகின்றது. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டா. ஆயினும், பழுத்த கனியும் தயிரும் கூடின் வயிறு நலியும், அதற்குக் குடிநீர் மாற்றாகும் என்னும் மருத்துவ அறிவு மக்களிடையே வேரூன்றி இருந்தமைக்கு இக்கதை சான்றாகின்றது.

இச்சான்றுகள் மூன்று செய்திகளைத் தருகின்றன: நோய் தீர்க்கும் சாலை இருந்தது, அதற்கு உரிய தெய்வம் இருந்தது, கஷாயம் வழங்கிற்று. மொட்டு மருந்து வழங்கிற்று என்பதற்கு இவற்றை ஆதாரமாகக் கொள்ளுதல் இயலாது.

4. திருமுக்கூடல் மருந்துப் பட்டியல்

பழங்கால மருத்துவச்சாலையில் எவ்வெம் மருந்துகள் இருந்தன என்பதைப் பெயர் சொல்லிக் கூறும் கல்வெட்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியில் அன்று, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ளது. வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், கி. பி. 1069ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயரால் அமைந்த ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. அங்கே 15 நோயாளர்க்குக் கிடக்கை இருந்தது. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மருந்துச் செடிகொடிகளைக் கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் இருந்தனர். சாலையில் சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் தரப்பட்டுள்ளன.

தசமூல அரீதகி, வாசா அரீதகி, கோமூத்திர அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என வரும் அப்பெயர்களை நோக்குக. தசமூலம் என்பது பத்து வேர். அரீதகி என்பது கடுக்காய். கிருதம் என்பது நெய். லவணம் என்பது உப்பு. இவற்றோடு தைலங்கள் பலவும் உள்ளன. வேரும், காயும், எண்ணெயும், நெய்யும், உப்புமே மருந்துப் பெயர்களில் ஓங்கி நிற்கின்றன. மொட்டின் பெயரால் அமைந்த மருந்து ஒன்றும் எமக்குப் புலப்படவில்லை. இதற்குக் காரணம் காண்டல் அரிதன்று. சாலை மருந்து ஆண்டு முழுதும் இருப்பில் வைத்தற்கு உரியது. வேரும் காயும் உலர்ந்து நிற்கும். நெய்யும் எண்ணெயும் கெடாது காக்கும். பச்சை மொட்டோ பறித்த நாளிலேயே தன் நிலை திரியும். ஆகவே மொட்டைச் சாலையிலே தேடுதல் பொருந்தாது. வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

5. மனையும் சந்தையும் விழாவும்

அவ்வேறிடம் மனையே ஆகும். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்யாத இல்லம் இப்பகுதியில் அரிது. பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்து நிலத்தில் உதிரும். அதனைத் துணி விரித்துச் சேர்த்து உலர்த்தி ஆண்டு முழுதும் வைத்துக்கொள்வர். மாதுளையின் மொட்டை வயிற்றுப்போக்கிற்கு அரைத்துக் கொடுப்பர். காவிரிக் கரையில் எங்கும் விளையும் வாழையின் பூவும் உண்மையில் விரியாத பூந்தாறே. மடலை உரித்து, உள்ளிருக்கும் கள்ளனை நீக்கி, துவர்ப்பு நீங்க மோர் கலந்த நீரில் இட்டுச் சமைக்கும் முறையை மகளிர் நன்கறிவர். உணவுக்கும் மருந்துக்கும் எல்லை வகுக்க இயலாத இடம் இது. வாழைக்கென நடுவண் அரசு 1993இல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மையம் திருச்சிராப்பள்ளியிலேயே அமைந்தமை இந்நிலத்துக்கும் அப்பயிருக்கும் உள்ள தொடர்பைக் காட்டும்.

மல்லிகை அரும்பு வேறொரு பயனுக்கும் உதவிற்று. மகவை இழந்த தாயர்க்குப் பால் கட்டி வருத்தும்போது மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுதல் தமிழகத்துப் பெண்டிர் வழக்கம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் இதனை மருந்தொன்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பால் சுரப்பை மல்லிகை குறைத்தலைக் கண்டு 1988இல் வெளியிட்டனர். மனை மருத்துவம் சோதனைக்கு உட்பட்டு நிலைபெற்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும். திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் உறையும் இறைவன் தாயுமானவர் எனப் பெயர் பெற்றதும், காவிரி வெள்ளத்தால் வர இயலாத தாயின் உருவில் வந்து மகப்பேற்றுக்குத் துணை நின்றார் என்னும் கதையாலேயே. செட்டிப்பெண் மருத்துவம் என இன்றும் விழாவில் அது நடித்துக் காட்டப்பெறுகின்றது. மருத்துவம் என்பது தாயின் கைப்பணி என்று மக்கள் கருதினமையை அக்கதையினும் தெளிவாகக் கூறுவது வேறில்லை.

விழாக்களிலும் கோடை நலம் பேணும் குறிப்பு உண்டு. திருவரங்கத்தில் கோடையில் வெளிக்கோடை, உள்கோடை எனப் பத்து நாள் நடைபெறும் பூச்சாற்று விழா, பூவைக் கோடைக்கு உரிய சாந்தியாகக் கொண்டது. கண்ணனூர்ச் சமயபுரத்தில் மாசி இறுதி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்குகின்றது. அன்று முதல் 28 நாள் மாரியம்மனே பச்சைப் பட்டினி நோன்பு இருப்பதாகக் கொண்டு, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் முதலியனவே படைப்பர். அம்மை நோய் பரவும் கோடையின் வாயிலில் தெய்வமே குளிர் உணவை மேற்கொள்வதாக அமைத்தது மக்களுக்கு வழிகாட்டும் பொருட்டே எனல் தகும். அம்மை கண்டார்க்கு வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசுதலும் இதனோடு ஒட்டிய வழக்கே.

உலர்ந்தும் பயன் தரும் மொட்டு ஒன்று உண்டு, அது கிராம்பு. இலவங்கம் எனவும் வழங்கும் அது, விரியாத பூமொட்டைப் பறித்து உலர்த்தியதாகும். மலையாளத்தார் அதனைக் கரயாம்பூ எனப் பூவாகவே வழங்குவர். வைணவக் கோயில் தீர்த்தத்துக்கு மணமூட்டும் பொருள்களில் ஏலத்தோடும் பச்சைக் கற்பூரத்தோடும் இதுவும் ஒன்று. இம்மொட்டு தொன்றுதொட்டுக் கடல் கடந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் மொலுக்கஸ் தீவுகளே இதன் விளைநிலமாக இருந்தன. வியப்புக்குரிய செய்தி ஒன்று இங்கே கூறத் தகும். திருவானைக்காவின் தலமரமாகிய நாவலும் இக்கிராம்பும் தாவர நூலார் வகுப்பில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தன. கதையில் இறைவனுக்கு நோய் தந்த கனியும், தீர்த்தத்தில் மணம் தரும் மொட்டும் உறவு மரங்களின் பேறுகளே.

பெயரை மட்டும் நம்புதல் கூடாது என்பதற்கும் மருந்துக்கடையே சான்று தரும். அன்னாசி மொக்கு என விற்கப்படுவது மொக்கு அன்று. விண்மீன் வடிவில் உலர்ந்த காய். ரோசா மொக்கு மெய்யாகவே மொட்டு. கிராம்பு மொட்டாயினும் பெயரில் மொட்டு இல்லை.

6. பருவமா, சுவையா?

இனி ஐரோப்பிய முறையை நோக்குவோம். பெல்சிய நாட்டு மருத்துவர் போல் ஆன்ரி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறையைத் தொடங்கினார். மரங்களின் முளைகளையும் இளந்தளிர்களையும் புதிதாகப் பறித்துக் கிளிசரினும் சாராயமும் கலந்த நீர்மத்தில் ஊறவைத்து வடித்துத் துளிக்கணக்கில் கொடுப்பர். வளரும் உறுப்பில் மரத்தின் ஆற்றல் முழுதும் செறிந்துள்ளது என்பதே அவர் கோட்பாட்டின் உயிர்நிலை. பனி நாட்டு மரங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, வரும் ஆண்டின் தளிரைச் செதில்களால் மூடிக் காக்கும். வசந்தத் தொடக்கத்தில் அவை வெடிக்கும் காட்சி அந்நாட்டார் உள்ளத்தில் அத்தகைய எண்ணத்தைத் தோற்றுவித்தல் இயல்பே. ஆயின் அம்மருந்துகளின் பயன் போதிய மருத்துவச் சோதனைகளால் நிறுவப்பெறவில்லை.

தமிழ் மருத்துவம் இவ்வழியில் செல்லவில்லை. அது பொருளை உறுப்பின் பருவத்தால் வகுக்காமல் சுவையால் வகுத்தது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்னும் ஆறு சுவைகளும் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றையும் மிகுத்தும் தணித்தும் உடலை நடத்தும் என்பது அதன் கொள்கை. மேற்கூறிய பொருள்களை இந்நோக்கில் நிரல்படுத்துக. மாதுளை மொட்டும் வாழைப்பூவும் துவர்ப்பு, வேப்பம்பூ கைப்பு, கிராம்பு கார்ப்பு. மாதுளை மொட்டு கழிச்சலைக் கட்டும்; ரோசா மொக்கோ கழியச் செய்யும் குடிநீரில் சேரும். இரண்டும் மொட்டே, தொழில் நேர்மாறு. மொட்டு என்பது ஒரு மருந்து வகுப்பாயின் இம்மாறுபாட்டுக்கு விளக்கம் இல்லை. சுவையும் குணமும் வேறு எனின் விளக்கம் எளிது. இக்கால வேதியியலும் இதற்கு ஓரளவு துணை நிற்கும். மாதுளை மொட்டின் துவர்ப்பு டானின் என்னும் பொருளால் ஆவது. பல்வலியை மரக்கச் செய்யும் கிராம்பின் காரம் யூசினால் என்னும் எண்ணெயால் ஆவது.

ஆகவே ஐரோப்பிய மொட்டு மருத்துவமும் நம் மனை மருத்துவமும் ஒரே பொருளைக் கையாளுவன போல் தோன்றினும், வேறுவேறு வினாக்களுக்கு விடை கூறுவன. முன்னது, எப்பருவத்தது எனக் கேட்கும். பின்னது, எச்சுவையது எனக் கேட்கும். ஒன்றை மற்றொன்றின் மூலம் எனல் இரண்டையும் அறியாமையின் விளைவாகும்.

7. ஓர் எச்சரிக்கை

வரலாறு எழுதுவோர் மக்கள் உயிர்க்கும் பொறுப்புடையர். வேப்பங்கொழுந்து அம்மை கண்டாரின் எரிச்சலைத் தணித்து ஆறுதல் அளித்திருக்கலாம். பெரியம்மையை ஒழித்தது அதுவன்று. தடுப்பூசியாலேயே இந்தியாவில் அந்நோய் 1975இல் ஓய்ந்தது. உலகினின்று நீங்கியதாக 1980இல் அறிவிக்கப்பெற்றது. அங்ஙனமே, கோடை வெயிலில் மயங்கி வீழ்ந்தார்க்கு நிழலும், உடலைக் குளிர்விக்கும் நீரும், காலந் தாழ்த்தாத மருத்துவமுமே உயிர் காக்கும். எம்மொட்டும் அவற்றுக்கு ஈடாகாது. நீர்மோரும் பானகமும் வெயிலுக்கு முன் பருகத் தக்க காப்பு. காப்பையும் சிகிச்சையையும் நம் முன்னோர் மயங்கினாரல்லர். மனையில் பச்சடி இருந்த அதே ஊரில் அன்றோ மருத்துவச்சாலையும் இருந்தது?

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: திருவரங்கத்து ஆரோக்கியசாலை மெய், அதனை மொட்டு மருத்துவத்துக்குச் சான்றாக்குதல் பிழை. கோடையில் அரும்பும் கொழுந்தும் பயன்பட்டன. பயன்பட்ட இடம் மனையும் விழாவும் சந்தையுமே. அவற்றைத் தெரிந்தெடுத்த அளவுகோல் சுவையேயன்றிப் பருவம் அன்று.

சாலையின் வரலாற்றைக் கல் காத்தது. மனையின் வரலாற்றைக் காப்பது நாவும் நினைவுமே; அவை கல்லினும் விரைவில் அழிவன. பூப்பறிப்பார், பூத்தொடுப்பார், நாட்டு மருந்துக்கடையார், முதிய மகளிர் ஆகியோர் வாயில் இன்னும் வழங்கும் சொற்களை முறையாகத் தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் எச்செடியின் எவ்வுறுப்பைக் குறிக்கின்றது என்பதைத் தாவர நூலார் துணைகொண்டு உறுதி செய்தல் வேண்டும். தூய வளனார் கல்லூரியில் 1967இல் நிறுவப்பெற்ற ராபினாட் தாவரத் தொகுப்பகம் இதே நகரில் இருப்பது இப்பணிக்கு வாய்த்த நற்பேறு. ஆய்வு மாணவர் ஒருவர் வரும் கோடை விடுமுறையைத் தம் பாட்டியின் அடுக்களையில் ஏட்டோடும் எழுதுகோலோடும் கழிப்பாராயின், எக்கல்வெட்டும் தாராத சான்றுகள் சிலவேனும் தமிழுலகுக்குக் கிட்டும் என்பது எம் துணிபு.